முருகையும் சிறுமீனும்

கடல்வாழ் உயிர்களுள் மக்களால் மிகவும் தவறாக உணரப்பட்டது முருகையே எனலாம். அதனைக் கல் என்பார் சிலர். கடலடிச் செடி என்பார் வேறு சிலர். நெடுந்தீவில் வேலியாக அடுக்கப்பெற்றும், சூளையில் வெந்து சுண்ணாம்பாகியும் மக்களுக்குப் பயன்பட்டு வந்த ஒரு பொருளை உயிர் என நினைப்பது எளிதன்று. எனினும் முருகை உயிருள்ளது, உயிர்களுள்ளும் விலங்கு, விலங்குகளுள்ளும் இரைபிடித்து உண்பது. கண்ணாடித் தொட்டியிற் கடல்நீரை நிரப்பி, முருகையையும் சிறு மீன்களையும் ஒருங்கே வளர்க்க முற்படுவோர்க்கு இவ்வுண்மை ஒருநாள் திடுமெனப் புலப்படும். மாலையில் எண்ணி வைத்த மீன்களில் ஒன்று காலையிற் காணப்படாது. முருகையின் வாயோரத்தில் வாற்செட்டை மட்டும் தெரியும். உடனே முருகை கொலைஞன் எனப் பழிக்கப்படும். அப்பழி எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லோ, செடியோ, விலங்கோ?

பழந்தமிழர் பவளத்தைத் துகிர் என்றும் வழங்கினர். காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பண்டங்களுள் கீழ்க்கடலில் தோன்றிய துகிரையும் பட்டினப்பாலை எண்ணுகின்றது. அணிகலனாகும் செம்பவளமும், கடலடியிற் பாறை கட்டும் முருகையும் வெவ்வேறு இனங்களே. எனினும் இரண்டும் ஒரே பெருங்குடியைச் சேர்ந்தவை. கடற்சாமந்தி, இழுதுமீன் ஆகியனவும் அக்குடியினவே.

மேலைநாட்டாரும் நெடுங்காலம் முருகையைச் செடியென்றே கருதினர். 1706 ஆம் ஆண்டிற் பவளக் கிளைகளில் வெண்மையான சிறு 'மலர்கள்' விரிவதைக் கண்ட மார்சிலி என்பார், ஐயம் தீர்ந்தது. பவளம் செடியே என மகிழ்ந்தார். மார்செய் நகர மருத்துவராகிய பெய்சொனல், வடஆபிரிக்கக் கரையில் அம்மலர்களைத் தொடர்ந்து கவனித்து, அவை இதழ்களல்ல, சிற்றுயிர்களின் கைகளே என 1720களில் எடுத்துரைத்தார். பிரெஞ்சு அறிவியற் கழகத்தார் அதனை முதலில் ஏற்றிலர். 1740களில் திரெம்பிளே என்பார் நன்னீரில் வாழும் ஐதராவை ஆராய்ந்து, செடிபோலத் தோன்றும் விலங்குகளும் உண்டென நிறுவிய பின்னரே பெய்சொனலின் கூற்று மதிப்புப் பெற்றது.

முருகையின் உடலமைப்பு மிக எளியது. பொலிப்பு எனப்படும் சிறு பை ஒன்று; அதற்கு ஒரே வாய்; வாயைச் சுற்றி வளையமாகப் பரிசக்கொம்புகள். உணவு செல்வதும் கழிவு வெளியேறுவதும் அவ்வொரு வாய் வழியே. பை தன் அடியிற் சுண்ணாம்பை ஊறவிட்டு இருக்கை அமைத்துக் கொள்கின்றது. ஒரு பொலிப்பு பலவாய்ப் பெருகித் தம்முள் இணைந்து நிற்கும்போது கூட்டம் உண்டாகின்றது. கூட்டங்களின் இருக்கைகள் ஊழியூழியாக ஏறுவதாற் கற்பாறை உண்டாகின்றது. சுண்ணாம்பு இருக்கை கட்டாது, தனித்து, பருத்து வாழும் உறவினமே கடற்சாமந்தி.

படைக்கலம்

கண்ணும் காதும் ஓடும் காலும் இல்லாத இவ்வுயிர் விரைந்து நீந்தும் மீனை எவ்வாறு பிடிக்கின்றது? விடை அதன் பரிசக்கொம்புகளிற் செறிந்துள்ள கொட்டுங் கலங்களில் உள்ளது. ஒவ்வொரு கலத்தினுள்ளும் நுண்ணிய உறையொன்று, சுருட்டி வைத்த குழாய்போன்ற நூலுடன் அடங்கியிருக்கும். உறையினுள்ளே வளியமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு அமுக்கம் உண்டு. இரை படும்போது மூடி திறக்க, நூல் உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டு பாய்ந்து இரையின் உடலைத் துளைத்து நஞ்சேற்றுகின்றது. ஐதராவின் உறை வெடிக்கும் வேகத்தை மிக விரைவான ஒளிப்படக் கருவியால் அளந்த ஆய்வொன்று 2006 இல் வெளிவந்தது. அதன்படி முதற்பாய்ச்சலுக்குச் செல்லும் நேரம், ஒரு செக்கனைப் பத்திலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறினும் குறைவானது. உயிருலகில் அறியப்பட்ட மிக விரைவான அசைவுகளுள் இதுவும் ஒன்று.

இங்கே தமிழ் மாணாக்கர் நினைவுகொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. உயிர்களை அறிவின் அளவால் ஆறாகப் பகுத்த தொல்காப்பியர், உற்றறிதல் மட்டும் உடையவற்றை ஓரறிவுயிர் என்றும், அதனோடு சுவையறிதலும் உடையவற்றை ஈரறிவுயிர் என்றும் மரபியலில் வைத்தார். முருகையை அவர் பெயர் சுட்டிக் கூறவில்லை. ஆயினும் கொட்டுங் கலங்களின் செயலை நோக்கின், வெறும் தொடுகை மட்டும் அவற்றை எளிதில் வெடிக்கச் செய்வதில்லை. இரையின் உடலிலிருந்து கசியும் பொருள்களின் 'சுவை'யும் சேர்ந்து பட்டபோதே அவை நன்கு வெடிக்கின்றன. எனவே நீரோட்டம் கொணரும் மணற்றுகளின்மீது முருகை தன் படையை வீணாக்குவதில்லை. தொல்காப்பியர் கொண்ட அளவுகோலால் அளப்பின் முருகை ஈரறிவுயிராகும். மீன்மீது அதற்குப் பகையும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை. தன்னைத் தொட்டதும், உணவின் சுவை உடையதும் எதுவோ அதுவே அதற்கு இரை.

இருவகை வாழ்க்கை

முருகை வேட்டையாடியே பிழைக்கின்றதெனில், இரை அருகிய தெளிந்த வெப்பக்கடலில் அது எவ்வாறு செழிக்கின்றது? இவ்வினா அறிஞரை நெடுநாள் மயக்கியது. 1928–29 இல் அவுத்திரேலியப் பெருமுருகைத் தொடரை ஆராயச் சென்ற குழுவின் தலைவர் யொங் என்பார், முருகைகள் சிறிய விலங்குப் பிளாந்தன்களைப் பிடித்துண்ணும் ஊனுண்ணிகளே என்ற கருத்தை வலியுறுத்தினார். ஆனால் முருகையின் உடற்கலங்களுக்குள் பொன்னிறமான நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. 1958 இல் மசுக்கற்றைன், ஆண்டு ஆகிய இருவர் கதிர்வீசும் காபனைக் கொண்டு நடத்திய ஆய்வில், கடற்சாமந்தியினுள் வாழும் அல்காக்கள் ஒளித்தொகுப்பாற் சமைத்த உணவில் ஒரு பகுதி அவ்விலங்குக்குச் சேர்வது தெளிவாயிற்று. நல்ல ஒளியில் வாழும் முருகை, தனக்கு வேண்டிய சத்தியில் 90 சதவீதம் வரையும் இவ்வாறு பெறவல்லது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

அல்காவுக்கு உறையுளும், முருகையின் கழிவிலுள்ள நைதரசனும் கிடைக்கின்றன. முருகைக்கு வெல்லமும் ஒட்சிசனும் கிடைக்கின்றன. இதுவே ஒன்றியவாழ்வு. எனினும் வெல்லத்தால் மட்டும் உடல் வளராது. புரதம் ஆக்குவதற்கு வேண்டிய நைதரசனையும், பொசுபரசையும் முருகை தான் பிடிக்கும் இரையிலிருந்து பெறுகின்றது. ஆகவே பகலில் அது உழவன், இரவில் வேட்டுவன். கதிரவன் மறைந்ததும் பிளாந்தன்கள் ஆழத்திலிருந்து மேலெழும். அவ்வேளையிலேயே பெரும்பாலான முருகைகள் பரிசக்கொம்புகளை முற்றாக விரிக்கின்றன. அல்கா இன்றியே வாழும் முருகைகளும் உண்டு. செம்மஞ்சள் நிறத்தாற் கண்ணைக் கவரும் கதிரவன் முருகை அத்தகையது. அதற்கு ஒளி உணவாகாது. இடையறாது இரை வேண்டும். அழகைக் கண்டு அதனைத் தொட்டியில் வைப்போர் பலர், விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு அதனைப் பட்டினியால் இழக்கின்றனர்.

மீனுண்ணும் முருகைகள்

எல்லா முருகையும் மீனை உண்ணா. மான்கொம்பு போற் கிளைக்கும் முருகைகளின் பொலிப்புகள் சில மில்லிமீற்றர் அளவின. மீன்குஞ்சும் அவற்றின் வாயிற் கொள்ளாது. அஞ்சத்தக்கவை பெருவாயுடைய இனங்களே. அவற்றுள் மூன்றினை இங்குக் குறிப்பிடலாம்.

முதலாவது காளான் முருகை. இது பாறையோடு ஒட்டாது தனித்துக் கிடக்கும் ஒற்றைப் பெரும் பொலிப்பு. 2009 இல் செங்கடலின் எயிலாத்துக் கரையில், இம்முருகை முழு இழுதுமீனைப் பிடித்து விழுங்குவதை ஆய்வாளர் கண்டு பதிவு செய்தனர். இரையின் பருமன் அதற்குத் தடையன்று என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது யானைச்செவி எனப்படுவது. இது சுண்ணாம்பு இருக்கை கட்டாதது. முருகைக்கும் கடற்சாமந்திக்கும் நெருங்கிய உறவினம். ஒரு சாணுக்கு மேல் அகன்ற வட்டத்தட்டுப் போல விரிந்து கிடக்கும். 1980 இல் தன், அமனர் ஆகியோர் இதற்கு அறிவியற் பெயரிட்டு, உண்ணும் முறையையும் விளக்கினர். சிறு மீன் தட்டின்மீது வந்து தங்கினால் விளிம்புகள் எழுந்து, சுருக்குப்பையின் வாய் இறுகுவது போலச் சில செக்கன்களில் மூடிக்கொள்ளும். இங்கு நஞ்சினும் சிறையே பெரும் படை. மீன் பைக்குள் ஓய்ந்தபின் வாய் திறந்து அதனை ஏற்கும். அசைவற்ற மெத்தையென எண்ணி அதன்மீது இளைப்பாறும் மீனுக்கு அதுவே இறுதித் துயிலாகும்.

மூன்றாவது கம்பளச் சாமந்தி. மன்னார்க் குடாவிலும் பாக்குக் குடாவிலும் மணற்றரையிற் புதைந்து வாழும் இக்கடற்சாமந்தியின் பரிசக்கொம்புகள் குறுகியவை. ஆயினும் மிக நெருங்கியவை, ஒட்டுந்தன்மை மிக்கவை. கையாற் றொட்டாற் பசைபோலப் பற்றும். சிறு மீனொன்று பட்டுவிட்டால் மீள்வது அரிது.

அடைக்கலம் பெற்ற மீன்

இவ்வாறு மீனைக் கொல்லும் கடற்சாமந்தியின் மடியிலேயே ஒரு மீன் குடும்பம் நடத்துகின்றது. 1868 இல் கொலிங்வூட்டு என்பார் சீனக்கடற் செலவில் இக்காட்சியைக் கண்டெழுதினார். கோமாளி மீன் என இன்று யாவரும் அறிந்தது அதுவே. உலகில் ஏறத்தாழ 30 இனக் கோமாளி மீன்கள் உள. அவற்றுக்கு இடமளிக்கும் பெருஞ் சாமந்திகள் 10 இனங்களே. இலங்கைக் கடலிலும் இம்மீன்கள் உள்ளன.

கொட்டுங் கலங்கள் இம்மீனை ஏன் வெடித்துத் தாக்குவதில்லை? தாவன்போட்டு, நொரிசு ஆகியோர் 1958 இல் வெளியிட்ட ஆய்வு, காப்பு மீனின் தோலைப் போர்த்துள்ள சீதத்திலேயே உள்ளதெனக் காட்டியது. பிற மீன்களின் சீதத்தில் உள்ள சியாலிக்கு அமிலம் என்னும் பொருள் கோமாளி மீனின் சீதத்தில் மிகக் குறைவென அண்மை ஆய்வுகள் கூறுகின்றன. சாமந்தி சுவைத்தறியும் 'இரை' என்னும் அடையாளமே இம்மீனிடம் மழுங்கியுள்ளது எனலாம். புதிய சாமந்தியை அடையும் மீன், முதலில் வாலாற் றொட்டு, விலகி, மீண்டும் தொட்டுச் சிறிது சிறிதாகவே உட்புகுதலும் காணப்பட்டுள்ளது. காப்புக்குக் கைம்மாறாக மீன், சாமந்தியைக் கொறிக்க வரும் வண்ணாத்தி மீன்களை விரட்டுகின்றது. அதன் கழிவிலுள்ள அமோனியா சாமந்தியினுள் வாழும் அல்காவுக்கு உரமாகின்றது.

இதனை அறியாது, எல்லாச் சிறு மீனும் சாமந்தியோடு வாழும் என நினைத்துத் தொட்டியிற் சேர்ப்பவர் தம் மீனைத் தாமே பலியிடுகின்றார்.

தொட்டி செய்யும் மாற்றம்

கடலிற் காளான் முருகையும் சாமந்தியும் சிறு மீன்களும் அருகருகே வாழ்கின்றன. நலமுள்ள மீன் தன் பொந்தையும், தான் அணுகலாகாத இடத்தையும் நன்கறியும். தொட்டியில் நிலைமை வேறு. ஒரு முழ நீளமுள்ள பெட்டியில் எத்திசை நீந்தினும் ஏதேனுமொரு பரிசக்கொம்பு எதிர்ப்படும். புதிதாக விடப்பட்ட மீனுக்கு உறங்கப் பொந்து இல்லை. விளக்கைத் திடுமென அணைத்தால் அது வெருண்டு பாய்ந்து, இருளில் முழுதும் விரிந்திருக்கும் முருகைமேற் படுகின்றது. மின்சாரம் தடைப்பட்டு நீரோட்டம் நின்ற இரவில் ஒட்சிசன் குன்றி மயங்கும் மீனும் அவ்வாறே. முருகையின் வாயிற் காணப்படும் மீன் பல வேளைகளில் நோயாலோ நீர்க்கேட்டாலோ முன்னரே இறந்தது; நீரோட்டத்தால் வந்து விழுந்ததை முருகை உண்டது; அவ்வளவே.

தொட்டியிற் கடலுயிர்களை வாழ்விக்கும் முயற்சியின் வரலாறே இப்பாடத்தைக் கற்பிக்கின்றது. 1846 இல் அன்னா தைன் என்னும் ஆங்கிலப் பெண்மணி தோர்க்கீ கடற்கரையிலிருந்து முருகைகளை இலண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். நீரை ஒரு கலத்திலிருந்து மறுகலத்துக்கு நாள்தோறும் ஊற்றி ஊற்றிக் காற்றேற்றச் செய்தும், பின்னர்க் கடற்பாசிகளை உடன் வைத்தும் அவர் அவற்றைக் காத்தார். அழகிய கலத்தினும் நீரின் உயிர்ப்பே முதன்மையானது என்பது அவர் கண்ட உண்மை. 1909 இற் சென்னைக் கடற்கரையில் திறக்கப்பெற்று, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்ட காட்சிசாலை, கடல்மீன்களை உயிரோடு காணும் வாய்ப்பைத் தமிழ்நாட்டு மக்களுக்கு அளித்தது.

வன்னி நிலத்தில் இம்முயற்சியை மேற்கொள்வார்க்குத் தனித்த இடர்கள் உள. கடல்நீரின் ஒவ்வொரு இலீற்றரிலும் ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய களப்புகளின் முகங்களில் நன்னீர் கலப்பதால் அங்கெடுக்கும் நீர் உவர் குன்றியும் கலங்கியும் இருக்கும். அது முருகைக்கு ஆகாது. கோடையில், கிளிநொச்சி, வவுனியா போன்ற உள்ளூர்களில், நண்பகல் வெப்பம் 33 பாகையைத் தாண்டும். முருகைத் தொட்டியோ 24 முதல் 28 பாகைக்குள் நிற்றல் வேண்டும். நீர்ப்பரப்பின்மேல் விசிறி வைத்தால் வெப்பம் தணியும். ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு எஞ்சும். ஆகையால் குறைந்த அளவுக்கு நன்னீரையே சேர்த்தல் வேண்டும். உப்புநீரைச் சேர்ப்பின் உவர் நாளுக்குநாள் ஏறி யாவும் மடியும்.

இறந்த மீனை உடன் அகற்றாவிடின் அமோனியா பெருகும். அதனை நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் புதுத்தொட்டியில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அதற்குமுன் உயிர்களை விடுதல் கொலைக்கு ஒப்பாகும். மீன்களை முதலில் விட்டு, அவை பொந்துகளைத் தெரிந்துகொண்டபின் பிற உயிர்களைச் சேர்த்தலும், விளக்கைப் படிப்படியாக அணைத்தலும், பெருவாய் இனங்களையும் விரல்நீள மீன்களையும் ஒரே தொட்டியில் வையாமையும் அறிவுடையார் கொள்ளும் நெறிகளாம்.

அண்மையிலுள்ள பெருந்தொட்டி

எனினும், முருகையைக் கடலிலிருந்து பெயர்த்து வருதல் எவர்க்கும் உரிய செயலன்று. விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இலங்கையிற் கன்முருகைகளுக்குக் காப்பளிக்கின்றது. இந்தியா 2001 இல் அவற்றை வனவுயிர்ச் சட்டத்தின் முதலாம் அட்டவணையிற் சேர்த்துப் புலிக்கு நிகரான காப்பை அளித்தது. கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள இந்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் செயற்படுத்திக் காட்டியுள்ளனர். அத்தகைய வளர்ப்புயிர்களையே தொட்டிக்குத் தேர்தல் முறையாகும். வன்னி மாணாக்கர்க்கோ மேற்கே பூநகரிக்கு அப்பால் இரணைதீவைச் சூழ்ந்த ஆழமற்ற பாக்குக் குடாவும், கிழக்கே முல்லைத்தீவுக் கடலும் இயற்கை அமைத்த தொட்டிகளாக அமைந்துள்ளன. 1992 இல் இடம்பெயர்ந்து, 2018 இல் தம் தீவுக்கு மீண்ட இரணைதீவு மக்களின் வாழ்வு அக்கடலையே சார்ந்தது. முருகை அழியின் மீன் ஒதுங்கும் இடம் அழியும். மீன் அழியின் வலைஞர் வாழ்வு அழியும்.

இவ்விடத்தில் முருகையின் வேட்டைத்திறம் பற்றிய இறுதிச் செய்தி பொருத்தமுறும். கடலின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தினும் ஒரு பாகையளவு மிகுந்து சில கிழமைகள் நீடிப்பின், முருகை தன் அல்காக்களை இழந்து வெளிறுகின்றது. 1998 இல் இலங்கையைச் சூழ்ந்த முருகைப் பாறைகள் பல இவ்வாறு வெளிறி மாண்டன. 2016 இலும் வெளிறல் நேர்ந்தது. 2024 இல் உலகளாவிய நான்காம் வெளிறல் அறிவிக்கப்பட்டது. அல்கா அகன்ற முருகைக்கு உழவு பொய்த்துவிட்டது, பட்டினி தொடங்கிவிட்டது. அந்நிலையிற் சில இனங்கள் தம் வேட்டையைப் பன்மடங்கு பெருக்கி, பிடித்த இரையாலேயே உயிர்தாங்கி, அல்கா மீண்டும் குடியேறும்வரை பொறுத்திருக்கின்றன. அவாய்த் தீவுக் கடலில் வாழும் முருகையினம் ஒன்று இவ்வாறு தன் நாளாந்தத் தேவை முழுவதையும் ஈடுசெய்ய வல்லதென 2006 இல் வெளியான ஆய்வு காட்டியது. தொட்டியிற் கொலை என்று பழிக்கப்பட்ட அதே திறம், கடலிற் பஞ்சம் கடக்கும் தெப்பமாகின்றது.

எனவே, காணாமற்போன சிறுமீனுக்காக முருகையைப் பழித்தல் முறையன்று. தொடுதலும் சுவைத்தலும் அன்றி வேறறியாத உயிர் அது. தன் இயல்பின்படியே உண்டது. இரண்டையும் தப்ப வழியில்லாத பெட்டியில் அடைத்தவன் ஆறறிவு படைத்த மனிதன். ஒவ்வோர் உயிரும் எதனை உண்டு, எதற்கு அஞ்சி, எங்கு உறங்கி வாழ்கின்றது என்பதை முதலில் அறிந்து, பின்னரே அதனைத் தன் காவலில் ஏற்றல் அவனது கடனாகும். அக்கடனை ஒரு சிறு தொட்டியில் வழுவாது ஆற்றக் கற்றவர், தம் ஊர்க் கடலைக் காக்கும் பொறுப்பையும் ஏற்கத் தகுதியுடையவராவர்.